அடிப்பழம்

1972 டிச. 22, வெள்ளி

மழை விட்டது. துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டுப் பிரிக்காமலே கிடக்கிறது.

காலையில் ராயப்பேட்டையிலிருந்து நாத்தனார் ரோசி அண்ணி. கிறிஸ்துமஸ் விருந்தாளிகளுக்கு வைன் பஞ்ச் உண்டுதானே என்றார். இந்த வருஷம் வேண்டாம் என்றேன். ஈஸ்டருக்கு முன்னால் இவர், என் வீட்டுக்காரர், கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தது அதற்குள் மறந்துவிட்டதா? இனி ஒரு சொட்டு போனாலும் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்னபோது அண்ணியும் பக்கத்தில்தான் நின்றார்.

"அவன் குடிக்க வேணாம், வர்றவங்களுக்கு ஊத்து. அப்பா காலத்துலேர்ந்து நம்ம வீட்ல பஞ்ச் இல்லாத கிறிஸ்மஸ் உண்டா ஸ்டெல்லா?"

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, தனக்கு எலுமிச்சை ஜூஸ் போதும், தன்னால் இருக்க முடியும் என்றார். அந்த 'முடியும்' கேட்டபின் மறுக்க மனசு வரவில்லை. சரி என்றுவிட்டேன்.

வைன், அண்ணி வீட்டு ஜாடியிலிருந்து. எங்கள் ஜாடியை ஈஸ்டர் அன்றே கழுவிக் கவிழ்த்தாயிற்று.

டிச. 24, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அன்னாசி, ஆப்பிள், கமலா ஆரஞ்சு, இரண்டு மாதுளை. கிராம்பு மறந்துவிட்டேன், எதிர் வீட்டில் கடன்.

பழத்தை முதல் நாளே வைனில் ஊறப் போட வேண்டும். தானே நறுக்குகிறேன் என்று உட்கார்ந்தார். கை நடுங்கியது, ஆனாலும் துண்டு எல்லாம் ஒரே அளவு. ஊற்றும்போது மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நானே மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். மனசுக்குக் கொஞ்சம் தெம்பு. பழைய மனுஷன் திரும்பி வருகிறார்.

டிச. 25, திங்கள்

விடிகாலைப் பூசை. பாதிரியார் பிரசங்கம் நீளம், கால் வலி. ஐஸ்காரர் தாமதம். "கரண்டே இல்லம்மா, இன்னா பண்றது, கட்டியே கெட்டிப்படல" என்றார்.

பஞ்ச்: ஊறிய பழம், வைன், டீ டிகாஷன், இஞ்சிச் சாறு, எலுமிச்சை, கடைசியில் சோடா. ருசி பார்க்க அண்ணி.

சாயங்காலம் இவருடைய ஆபீஸ்காரர்கள். என் கண் முழுக்க இவர் கையிலிருந்த டம்ளர் மேலேயே. எலுமிச்சை ஜூஸ்தான், வேறு இல்லை. ஒருவர் தோளைத் தட்டிப் பாராட்டினார். இவர் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாள்.

எல்லோரும் போனபின் அண்ணி மிச்ச வைனைத் தன் ஜாடியில் ஊற்றி வாயைக் கட்டி வைத்துவிட்டு, பாத்திரத்து அடியில் தங்கிய பழத்தைக் கிண்ணத்தில் வழித்து இவரிடம் நீட்டினார். பழம் நறுக்கினவருக்குத்தான் அடிப்பழம், மாமனார் காலத்து வழக்கம். வருஷா வருஷம் அண்ணி நறுக்குவார், அண்ணி தின்பார். நானும் பழம்தானே என்று நின்றேன். ஸ்பூன் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

சுவரைப் பார்த்து நின்றபடி தின்றார். கிண்ணம் காலியானதும் சாய்த்துப் பிடித்து உறிஞ்சினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்றிலிருந்து வைனைக் குடித்துக் கிடந்த பழம். பிடுங்கினேன்.

"நான் குடிக்கலையே ஸ்டெல்லா. பழந்தானே தின்னேன்."

இரண்டு துண்டில் என்ன ஆகிவிடும் என்று அண்ணி ஜாடியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு துண்டா அது? ஆத்திரத்தில் கிண்ணத்தைத் தேய் தேய் என்று தேய்த்தேன். யார் மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை.

டிச. 26, செவ்வாய்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

எனக்கு முன்பே எழுந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. காப்பியைத் தொடவில்லை. நான் விடைத்தாளோடு உட்கார்ந்த நேரம் பார்த்துப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லஸ் பக்கம் பிராந்திக் கடை திறந்துதானே கிடக்கிறது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

வந்துவிட்டார். மூச்சில் வாடை இல்லை. பையில் அன்னாசி, ஆப்பிள், கமலா. ஒரு கத்தரிக்காய்கூட வாங்கி வந்தறியாத மனுஷர். நியூ இயருக்கு யாராவது வருவார்களே என்றார். நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை.

பலகையைப் போட்டு உட்கார்ந்து நறுக்கினார். இன்று கை நடுங்கவே இல்லை. பாத்திரம் நிறைந்ததும் என் பக்கம் தள்ளினார். தலை நிமிரவில்லை.

"இத எதுல ஊற வெப்ப ஸ்டெல்லா?"