மச்சத்தைக் காணோம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் மூக்கைத் தவிர. அதற்குக் காரணம் நீதான்.

முகத்தில் பரு வந்ததிலிருந்து வீடியோவில் வரமாட்டேன் என்கிறாய், வானொலிச் செய்தி மாதிரி குரல் மட்டும் வருகிறது. பருவின் மேல் பற்பசை தடவு என்றால், சும்மா இருங்கப்பா, எரிஞ்சு புண்ணாயிடும் என்று என் வாயை அடைத்துவிட்டாய். படிக்காதவன் பேச்சு எடுபடுமா. சரி, செய்தே காட்டுவோம் என்று என் மூக்கில் அப்பிக்கொண்டு படுத்தேன். காலையில் பழுத்த தக்காளி. நம் ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த வங்கி மேனேஜர் என் மூக்கைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஒரு படம்கூடத் தேறவில்லை. இனிமே வீட்டுக்கு விளக்கே வேண்டாங்க என்கிறாள் உன் அம்மா. என் வைத்தியத்தில் குற்றமில்லை, இப்போது பற்பசையில்தான் எதையோ கலக்கிறார்கள். ஆனாலும் நீ தடவாதே. அம்மா சொல்வது இது: பருவைக் கிள்ளாதே, தலையணை உறையை அடிக்கடி மாற்று, வீங்கினால் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி லேசாக ஒற்று, அதற்கும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பார். அவள் சொன்னால் மட்டும் தலையாட்டுவாய், தெரியும்.

இப்போது நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். பரு போயே போச்சுப்பா என்று எழுதியிருந்தாய். ஊரார் முகத்துப் பருவையெல்லாம் படத்தில் அழித்துத்தான் உன்னை வளர்த்தேன், என்னிடமேவா. பருவைத் துடைத்த கையோடு உன் இடது கன்னத்து மச்சத்தையும் துடைத்துவிட்டது உன் போன். நான் பார்த்ததும் கண்டுகொண்டேன், போனை உன் அம்மாவிடம் நீட்டினேன். உன் அம்மா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கா, ஆனா யாரோ மாதிரி இருக்குதுங்க என்று போனை என்னிடமே கொடுத்துவிட்டாள். பிறகு நாள் முழுக்க ஒரு பேச்சும் இல்லை. என் மூக்கைக்கூடக் கேலி செய்யவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கேமராவைப் போடு. நீ பருவோடு வா, நான் மூக்கோடு வருகிறேன். யார் முகம் மோசம் என்று அம்மா சொல்லட்டும், அவள் சிரித்தால் போதும்.

உடம்பும் மனசும் தெளிவாக, நல்லபடியாக இரு. தலையணை உறையை மறக்காதே.

இப்படிக்கு,
எந்தப் படத்திலும் உன் மச்சத்தின் மேல் கை வைக்காத
அப்பா