ஒரு நாள் கிடக்க வேண்டிய துணி

என் ஆசை மச்சாள் சுகந்திக்கு,

நீ போய் ஒரு வருசமும் நாலு மாதமும் ஆகிறது. இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று உன் அண்ணன் சொன்னார். "செத்தவளை ஏன் திரும்பவும் ஊர் வாயில போடுறாய்?" என்று கேட்டார். ஊர் வாயில் நீ ஏற்கெனவே கிடக்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன் என்றேன். உறையில் போட்டு ஒட்டுகிற கடிதம் இல்லை இது. எல்லாரும் படிக்கட்டும்.

உன் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "நல்ல பிள்ளை. வேலையிலதான் ஏதோ பெரிய பிழை விட்டுட்டாளாம், அதால நிப்பாட்டிப்போட்டாங்களாம்." நான் கறிச்சட்டியோடு நின்றேன். நான் வாய் திறக்காமல் நின்றது அது இரண்டாவது தடவை. முதல் தடவையை நீ அறிவாய்.

நீ யார் என்பதை மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீ என் புருசனின் தங்கச்சி. வவுணதீவிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி ஒரே பஸ்ஸில் ஒரே ஆடைத் தொழிற்சாலைக்கு ஏழு வருசம் போனோம். நான் வெட்டுமேசையில். நீ துணிப் பரிசோதனையில். துணி பின்னும் ஆலையிலிருந்து வரும் ரோலை வெளிச்சப் பலகையில் ஓடவிட்டு ஓட்டை, கோடு, கறை எல்லாம் பார்ப்பது உன் வேலை.

நான் வேலைக்கு வந்த புதிதில் எனக்குத் துணி என்றால் எல்லாம் துணிதான். நீதான் ஒரு நாள் பஸ்ஸில் என் பழைய ரீசேட்டின் அறுந்த விளிம்பில் நூலைப் பிடித்து இழுத்தாய். அது சரசரவென்று கழன்று வந்தது.

"பாத்தியா கா, ஒரே நூல். சீலையில நூல் குறுக்கும் நெடுக்குமாப் போகும். இதில ஒரு நூல்தான் வளைஞ்சு வளைஞ்சு ஓடும். முன்னம் போட்ட கண்ணிக்குள்ளால அடுத்த கண்ணியை ஊசி இழுத்தெடுக்கும். அவ்வளவுதான் பின்னல்."

"என்ர ரீசேட்டைக் கெடுத்துப்போட்டு வகுப்பெடுக்கிறியா?" என்றேன். சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழுத்தாய்.

ஆலைக்குப் பயிற்சிக்குப் போய் வந்த பிறகு உன்னை நிறுத்தவே ஏலவில்லை. ஆள் உயர வட்ட மெசின், அதைச் சுற்றிவரக் கொக்கி வைத்த ஊசிகள், ஒவ்வொன்றும் மேலே ஏறி நூலைக் கவ்விக் கீழே இறங்கும், துணி ஒரு பெரிய குழாய் மாதிரிக் கீழே வழியும் என்று கையால் காட்டினாய். ஊசி ஒரே வரிசை என்றால் சிங்கிள் ஜேர்சி. முன்பக்கம் சின்னச் சின்ன 'வி' எழுத்து, பின்பக்கம் அரைவட்டம், வெட்டினால் ஓரம் சுருளும். எதிரெதிராக இரண்டு வரிசை ஊசி வைத்து ஒரு கண்ணி முன்னுக்கும் ஒரு கண்ணி பின்னுக்கும் எடுத்தால் ரிப். கழுத்துப் பட்டிக்கும் கைப்பட்டிக்கும் அதுதான், இழுத்து விட்டால் திரும்ப ஒடுங்கும். இரண்டு ரிப்பை ஒன்றுக்குள் ஒன்று பூட்டிப் பின்னினால் இன்டர்லொக். இரண்டு பக்கமும் ஒரே முகம், சுருளாது, கைக்குழந்தை உடுப்புக்கு நல்லது. நுளம்புவலையைக் காட்டி, இதுவும் பின்னல்தான், ஆனால் ஒரு நூல் இல்லை, நூற்றுக்கணக்கான நூல், ஒவ்வொன்றும் நெட்டுக்குப் போய்ப் பக்கத்து நூலோடு கோத்துக்கொள்ளும், அதனால்தான் ஓரிடத்தில் அறுந்தாலும் கழன்று ஓடாது என்றாய். பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வாய். பின்னல் துணியை ரோலில் இறுக்கித்தான் சுற்றி அனுப்புவார்கள், கண்ணியெல்லாம் நீண்டுபோய்க் கிடக்கும். ரோலைப் பிரித்து ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடக்கவிட வேண்டும். கண்ணி தன் அளவுக்குத் திரும்பின பிறகுதான் கத்தி வைக்க வேண்டும்.

நான் வாய் திறக்காத அந்த முதல் தடவைக்கு வருகிறேன். அன்று ஜேர்சி ரோல்கள் காலையில் வந்தன. மத்தியானமே மேற்பார்வையாளர் மேசையில் விரிக்கச் சொன்னார். நீ வந்து நின்றாய்.

"சேர், இது இன்னும் கிடக்கல்ல. நாளைக்கு வெட்டுவம்."

"கப்பல் உமக்காக நிக்காது. தள்ளும்."

வெட்டும் மெசின் என் கையில் இருந்தது. நான் வெட்டினேன், சுகந்தி. உன் முகத்தைப் பார்க்காமல் வெட்டினேன்.

கழுவி எடுத்த ரீசேட்டுகள் எல்லாம் நீளம் குறைந்து வந்தன. விசாரணை வைத்தார்கள். துணி கிடக்கவில்லை என்று பரிசோதனையிலிருந்து தன்னிடம் ஒருவரும் சொல்லவில்லை என்றார் மேற்பார்வையாளர். என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது நான் சொன்னது ஒரு வரிதான்: "வெட்டச் சொன்னாங்க, வெட்டினன்." நீ மறித்ததை நான் சொல்லவில்லை. வேலையால் நிறுத்துகிற கடிதத்தை உன் கையில் கொடுத்தார்கள். கவனயீனம் என்று எழுதியிருந்தது.

அன்றைக்குப் பஸ்ஸில் நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். "உனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு மச்சாள். விடு" என்றாய். ஏசியிருக்கலாமே. ஏன் ஏசவில்லை? மாரி தொடங்கியதும் உனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள். அதற்குமேல் நீ இல்லை.

இனிக் கேள்.

போன மாதம் அதே கூத்து. ரிப் ரோல்கள் காலையில் வந்தன, பின்னேரத்துக்குள் வெட்டச் சொன்னார் அதே மனுசன். நான் மெசினின் சுவிச்சை நிறுத்தினேன்.

"இது கிடக்கல்ல சேர்."

"வெட்டும் எண்டால் வெட்டும்."

"வெட்டுறன். கிடக்காத துணியை வெட்டச் சொன்னது நீங்க எண்டு எழுதித் தாங்க. கையெழுத்தும் வைங்க."

மேசையைச் சுற்றி நின்ற ஆறு பெண்களும் கையை எடுத்துவிட்டார்கள். நான் யாரையும் கேட்கவில்லை, சுகந்தி. அவர்களாகவே எடுத்தார்கள். சித்தாண்டியிலிருந்து வரும் பெண் ஒருத்தி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "ஓம் சேர், எழுதித் தாங்க." அவர் எழுதவில்லை. முகாமையாளரைக் கூட்டி வந்தார்.

நான் முகாமையாளரோடு வாதாடப் போகவில்லை. ஒரே ரகத் துணியில், முதல் நாளே பிரித்துக் கிடந்த ரோலில் ஒரு சதுரமும் அன்று வந்த ரோலில் ஒரு சதுரமும் அவர் கண்முன்னால் ஒரே அளவில் வெட்டினேன். இரண்டையும் தண்ணீரில் போட்டுப் பிழிந்து காயவைத்தோம். காய்ந்ததும் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தேன். கிடந்த துணி கொஞ்சம்தான் குறைந்திருந்தது. கிடக்காதது இரண்டு விரல் அகலம் உள்ளே போயிருந்தது. அவர் அடிமட்டம் வைத்து அளந்தார். பிறகு இன்னொரு தடவை அளந்தார்.

"சரி. இனி ஒரு நாள் கிடந்த பிறகு வெட்டுங்க" என்றார்.

"அப்ப சுகந்தியின்ர கடிதம்?"

"அது முடிஞ்ச கதைதானே. அந்தப் பிள்ளையும் இப்ப இல்ல."

"பிள்ளைதான் இல்ல சேர். பேர் இருக்கு."

அங்கேயே எல்லாரும் கேட்கச் சொன்னேன். அன்று நீ மறித்ததையும், நான் வெட்டியதையும், விசாரணையில் நான் மறைத்ததையும். மேற்பார்வையாளர் நிலத்தைப் பார்த்தார். அடுத்த கிழமை என்னைப் பொதி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். மாற்றட்டும். வெட்டுப் பகுதியில் துணி இப்போது ஒரு நாள் கிடக்கிறது.

நான் சொன்னதையெல்லாம் எழுதி, என் கையெழுத்தோடு, உன் கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டேன். மூன்று தரம் கேட்ட பிறகு கூப்பிட்டார்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். உன் அம்மா வெள்ளைச் சீலை உடுத்து, முகாமையாளரின் கண்ணாடி அறையில் கதிரையின் நுனியில் இருந்தார். ஒரு கடிதம் நீட்டினார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசித்துச் சொன்னேன்: அனுதாபம், நீண்டகாலச் சேவை, விடயம் முடிவுற்றது.

மாமி கேட்டார்: "பிழை என்ர பிள்ளையில இல்ல எண்டு இருக்கா?"

"இல்ல மாமி."

மாமி கடிதத்தை நாலாக மடித்தார். மேசையில் வைத்துத் தள்ளினார். "அப்ப இதை நீங்களே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு எழும்பினார். நானும் எழும்பினேன். வெளியே வந்து மதிலோரம் நின்று அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. "அடுத்த முறை எப்ப வாற?" என்றுதான் கேட்டார்.

அடுத்த முறை வருகிற திங்கட்கிழமை, மச்சாள். இந்தத் தடவை தொழில் திணைக்களத்துக்கும் முறைப்பாடு கொண்டு போகிறோம். அந்த ஆறு பெண்களும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். வேலை போகும் என்று உன் அண்ணன் பயப்படுகிறார். ஆனால் நேற்று அவராகவே வந்து முறைப்பாட்டை வாங்கி வாசித்து, எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தித் தந்தார்.

அந்த ஒரு வசனத்தை அவர்கள் எழுதும்வரைக்கும் நான் போவேன். என்னை எந்தப் பகுதிக்கு மாற்றினாலும் போவேன், வாசலுக்கு வெளியே விட்டாலும் போவேன். அதுவரை அந்த வசனம் எங்கேயும் எழுதப்படாமல் இருக்கவும் கூடாது. ஆகவே, உனக்கெதிராக வாய் மூடி நின்றவளே அதை இங்கே எழுதிக் கையெழுத்தும் வைக்கிறேன்: சுகந்தியில் பிழை இல்லை. அவள் மறித்தாள். நாங்கள்தான் வெட்டினோம்.

உன் அண்ணன் பெண்சாதி, உன் மச்சாள்,
தவமணி
வவுணதீவு