தூணடியில் ஏற்றிய சூடம்

தோட்டத்து லயத்து மகாராணி, என் மனைவி செல்வநாயகிக்கு ஜீவராஜ் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? பூண்டுலோயாவில் மழை விட்டதா? கொழும்பில் நான் சுகம்.

இங்கே பழைய கொங்கிரீட் மண்டபத்தைப் புதுப்பிக்கிறோம். பழுதுபார்த்த பால்கனியைத் தாங்கி நிற்கும் முட்டுக்கால்களைத் திங்கட்கிழமை எடுக்கப்போவது நான்தான். மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்குமுன் நீங்களெல்லாரும் சூடம் காட்டுவதுபோல நேற்றுத் தூணடியில் ஏற்றினேன். புதிதாகப் பூட்டிய புகைமணி அலறியது! அத்தனை பேரும் தெருவுக்கு ஓடினார்கள்.

"சாமிக்குக் காட்டுன சூடத்துக்கு நீங்க ஏன் பாஸ் ஓடுறீங்க?" என்றேன்.

எங்கள் மேஸ்திரி முனாப் பாஸ் சிரித்தார். "பால்கனி ஆடுனா திங்கக்கிழமை நீயும் இப்படித்தான் ஓடணும்!"

நானும் சிரித்தேன். பிறகு போய் முட்டுக்கால்களை மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

இக்கடிதம் கொண்டுவரும் வேன்கார றிஷாத் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார். அவரிடம் கோயில் திருநீறு கொடுத்துவிடு. அதற்கு மணி அடிக்காது.

போனில் சொன்னால் குரலிலேயே என் பயத்தைப் பிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதினேன். றிஷாத் ஹோர்ன் அடிக்கிறார்.

உன் ஜீவராஜ்