கதவைத் தட்ட ஆள் வேண்டாம்

பிப்ரவரி 4, செவ்வாய்

குளிரில் ஜீப் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. என் வழியில் எல்லா வீட்டுக்கும் தபால் போட்டு முடித்து வீடு திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. டேரன் சூப் வைத்திருந்தான், உப்பே இல்லை. ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். அக்டோபரிலிருந்து அவன் செய்வதை நான் குறை சொல்வதில்லை. இந்த நல்ல புத்தி எத்தனை நாளைக்கோ.

டேரனின் வலது முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வருடக் கடைசியில் இன்னொரு ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் மடங்கலாமாம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனுக்கு ஷெரீஃப் அலுவலகத்தில்தான் போலீஸ் வேலை. அக்டோபரில் ஒரு வீட்டில் சண்டை என்று போனான், கதவைத் தட்டினான், உள்ளே இருந்தவன் கதவு வழியாகவே சுட்டதில் முழங்கால் போனது. கதவைத் தட்டியதைத் தவிர இவன் ஒன்றும் செய்யவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு டேரனின் மேலதிகாரி ஷெரீஃப் மைலோ வந்தார். காபி ஆறும் வரை வானிலை பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ட்ரோன் வாங்கப் போகிறாராம். அதில் மிளகாய்ப்பொடி அடைத்த குண்டுகளைச் சுடும் குழாய் இருக்கும். உயிர் போகாது, ஆளை முடக்கும். நம் மாநிலச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஓட்டுவதற்கு டேரன்.

"உக்காந்த இடத்துலேர்ந்தே வேலை. எவன் வாசப்படியும் ஏற வேண்டாம். நீ மாவட்ட போர்டு கூட்டத்துல வந்து பேசு ரோண்டா. நான் கேட்டா, கிழவனுக்கு விளையாட்டுச் சாமான் வேணுமாம்பாங்க. நீ பேசினா வாயை மூடிக்கிட்டு கேப்பாங்க."

பேசுகிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பேசினேன். எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவன் பேன்ட்டை வெட்டி எடுத்ததைச் சொன்னேன்.

முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் மேவிஸும் போர்டில் இருக்கிறாள். அவள் மட்டும் எதிர்த்துப் பேசினாள். "இன்னிக்குக் கதவுக்குப் பின்னாடி துப்பாக்கியோட நிக்கறவன். சரி. நாளைக்கு யாரு மேல பறக்கும்?"

"நாளைக்கு யாருன்னு கேக்கறீங்களே, அக்டோபர்ல யாருன்னு கேட்டீங்களா?" என்றேன். கை தட்டினார்கள். மூன்றுக்கு இரண்டு என்று நிறைவேறியது.

வெளியே வரும்போது எல்ராய் பாக்மையர் என் தோளைத் தட்டினார். என் தபால் வழியில் கடைசி வீடு அவருடையது. மாடு வளர்க்கிறார், ஒண்டி ஆள். கூண்டில்லாத டிராக்டரில் ஆயுசு முழுக்க உழுது காது போய்விட்டது. மகள் வாங்கித் தந்த கருவியைச் சர்க்கரை டப்பாவுக்குள் வைத்திருக்கிறார். தன் ரோட்டுக்குச் சரளைக்கல் கேட்க வந்தவர். "நல்லா பேசினம்மா. ஒரு வார்த்தை கேக்கல. உன் மூஞ்சியைப் பாத்தே நானும் கை தட்டினேன்" என்றார்.

மார்ச் 12, புதன்

ட்ரோன் வந்துவிட்டது. டேரன் மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்கில் பயிற்சி முடித்துத் திரும்பினான். இன்று எங்கள் கொல்லையில் வைக்கோல் கட்டைச் சுட்டுக் காட்டினான். ஐந்து குண்டில் நான்கு பட்டது. நாய் பிக்கப் வண்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. டேரன் சிரித்தான். அக்டோபருக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தது இன்றுதான்.

மார்ச் 30, ஞாயிறு

முதல் தடவை. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒருத்தன் கத்தியோடு பெண்டாட்டியை மிரட்டிக்கொண்டிருந்தான். இரண்டு குண்டு. கத்தியைப் போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. டேரன் ராத்திரிச் சாப்பாடு சூடு ஆறுமுன் வந்துவிட்டான். பொய் எதற்கு, பாத்திரம் கழுவும்போது சந்தோஷத்தில் அழுதேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பனி உருகி எல்ராய் வீட்டு ரோடு முழுக்கச் சேறு. நேற்றே ஜீப் சிக்கும் என்று பாதியில் திரும்பிவிட்டேன். போனில் அனுப்பிய செய்திக்கு அவர் பதில் போடவில்லை என்று ஃபார்கோவிலிருந்து மகள் ஷெரீஃப் அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறாள். மாடு கன்று போடும் சமயம். மனுஷர் கொட்டகையிலேயே கிடந்திருப்பார். முன்பெல்லாம் இப்படி வந்தால் டேரன் போவான், தட்டுவான், கேட்காவிட்டால் ஜன்னலுக்குப் போய்க் கையாட்டுவான், அவர் தருகிற பழைய காபியைக் குடித்துவிட்டு வருவான். இன்று மைலோ, "சேத்துல வண்டி எதுக்கு? அதை அனுப்பு" என்றிருக்கிறார்.

அது கொட்டகை மேல் போய் நின்றதும் மாடுகள் மிரண்டு ஓடின. அதில் ஒன்று தலையீத்துப் பசு, கன்று பாதி வெளியே வந்த நிலையில். எல்ராய் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய் வேட்டைத் துப்பாக்கியோடு வந்து சுட்டார்.

கன்று போடும் சமயத்தில் மாட்டின் மேல் எது பறந்தாலும் இங்கே சுடுவார்கள். போன வருடம் நிலம் அளக்க வந்த ஏதோ கம்பெனியின் ட்ரோனை ஒருத்தர் சுட்டு வீழ்த்தினார். சாப்பாட்டுக் கடையே ஒரு வாரம் சிரித்தது, டேரனும்தான்.

துப்பாக்கியைக் கீழே போடச் சொல்லி டேரன் ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொன்னானாம். அவர் மறுபடி தோட்டா போட்டார். அலுவலகத்தில் அவன் பின்னால் நின்ற மைலோ, "போடு" என்றார். இவன் போட்டான்.

எல்ராய் சேற்றில் விழுந்தார். தூசியில் கெட்ட நுரையீரல், அதில் மிளகாய்ப்பொடி. ஆம்புலன்ஸ் உள்ளே போக முடியாமல் பக்கத்துப் பண்ணை டிராக்டரில் தூக்கி வந்திருக்கிறார்கள். பிஸ்மார்க் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கன்று மிதிபட்டுச் செத்துவிட்டது.

டேரன் தட்டைத் தொடவில்லை.

"அவருக்குக் காது கேக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"திரைல பாக்கறப்போ எல்ராய்னு தோணலடி. ஒரு ஆளு, கைல துப்பாக்கி. அவ்வளவுதான் தெரிஞ்சுது." தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டி, "தலையைத்தான் பாக்கறோம் ரோண்டா. தொப்பி. மூஞ்சி தெரியாது" என்றான்.

ஏப்ரல் 21, திங்கள்

எல்ராய் வீட்டுக்கு வந்துவிட்டார். தபால் பெட்டியில் போன வாரத் தபாலும் அப்படியே இருந்தது. உள்ளே போகலாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். போகவில்லை.

மே 6, செவ்வாய்

இதோடு முடியும் என்று நினைத்தேனே! காவல்துறை விமானத்தின் மேல் (சட்டத்தில் ட்ரோனும் விமானம்தானாம்) சுட்டதாக எல்ராய் மேல் வழக்கு. பெரிய குற்றமாம், சிறைவரை போகலாம். தண்டனை ஆகிவிட்டால், ஓநாய் வந்தால் விரட்ட ஒரு துப்பாக்கி வைத்திருக்கவும் முடியாது. வழக்கில் ஜெயித்தால் அலுவலகம் செய்தது சரி என்று ஆகும், அதுதான் காரணம் என்கிறாள் மேவிஸ். முடி வெட்டும்போது வேறு எதுவும் அவள் பேசவில்லை.

அரசு வக்கீல் டேரனிடம் கேட்பது ஒரே விஷயம். ஒலிபெருக்கி வேலை செய்ததா, அந்தத் தூரத்துக்குக் கேட்குமா? இரண்டும் உண்மை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்" என்றாராம்.

மே 14, புதன்

சண்டை. டேரன் எல்லாவற்றையும் கோர்ட்டில் சொல்லிவிடப் போகிறேன் என்கிறான். சொன்னால் மைலோ அவனை ட்ரோனிலிருந்து எடுத்துவிடுவார். அந்தக் காலோடு உட்கார்ந்து பார்க்கும் வேறு எந்த வேலையும் அங்கே இல்லை. வேலை போனால் மருத்துவ இன்ஷூரன்ஸ் போகும், ஆபரேஷனும் போகும். என் தபால் வேலை வெறும் பதிலாள் வேலை. அதில் எதுவும் கிடையாது.

நான் சொன்னது இதுதான்: "அவரு பொழச்சுட்டாரு இல்ல? நீ வாயை மூடிக்கிட்டு இரு. உன் காலைப் பாரு."

"அவரு வீட்டுல எத்தனை தடவை காபி குடிச்சிருக்கேன் தெரியுமா?"

"குடிச்ச காபிக்குக் காலையே குடுப்பியா?"

நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மே 20, செவ்வாய்

கோர்ட்டில் பின் வரிசையில் உட்கார்ந்தேன். அரசு வக்கீல் கேட்டார், டேரன் சொன்னான். வேலை செய்தது. கேட்கும். சரி, முடிந்தது, இறங்கு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் இறங்கவில்லை. "இன்னொண்ணு சொல்லணும்" என்றான். அரசு வக்கீல் எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

"நான் பேசினது அவருக்குக் கேட்டிருக்காது. அது எனக்கு முன்னாடியே தெரியும். அந்த ட்ரோன் எங்களோடதுன்னு அவருக்குத் தெரிய வழியே இல்ல. நான் நேரா போய் அவரு கண்ணுல பட்டிருந்தா துப்பாக்கியே வெளில வந்திருக்காது."

மைலோ தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். எல்ராய்க்கு இது எதுவும் கேட்கவில்லை. அவருக்காக வந்த வக்கீல் பெண் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசை. இல்லை. கோபம்தான்.

மே 29, வியாழன்

வழக்கைத் தள்ளிவிட்டார்கள். வேலையிலிருந்து டேரனையும்தான். இன்ஷூரன்ஸ் அடுத்த மாதக் கடைசி வரை. மைனாட்டிலிருந்து புதிதாக ஒருத்தன் ட்ரோன் ஓட்ட வருகிறான்.

ஜூன் 8, ஞாயிறு

"எல்ராய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றான் டேரன். நான் ஓட்டினேன். என்னை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அந்தக் காலை இழுத்துக்கொண்டு படியேறினான். தட்டினான். பதில் இல்லை. மறுபடி தட்டினான்.

கதவு. அதற்கு முன்னால் அவன் முதுகு. இதைப் பார்க்கக் கூடாது என்றுதானே அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்று கத்தினேன்? எல்ராய்க்குத் தட்டினால் கேட்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னென்னவோ நினைத்தேன். கடைசியில் இறங்கிச் சமையலறை ஜன்னலுக்குப் போய் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் வந்து கதவைத் திறந்தார்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க, ரெண்டு பேரும்."

காபி வந்தது, அதே பழைய காபி. வழி முழுக்க மனப்பாடம் செய்ததை டேரன் சொல்ல ஆரம்பித்தான். எல்ராய் கையை அசைத்தார். "கத்தாதப்பா, கேக்கல. நீ அங்க சொன்னதை அந்தப் பொண்ணு எழுதிக் காட்டிட்டா. அது போதும்." இடையிடையே இருமல் வேறு. பிறகு மேலே விரலைக் காட்டினார். "அது இன்னும் பறக்குதா?"

டேரன் தலையசைத்தான்.

"யாரு ஓட்டறது?"

டேரன் காகிதத்தில் எழுதினான்: வெளியூர்ப் பையன்.

"என்னைத் தெரியாதவன்" என்றார் எல்ராய். "நீ மேலேர்ந்து பாத்தவன். சொல்லு. கொட்டகைக் கூரைல எழுதி வெச்சா, எவ்வளவு பெருசா எழுதினா அவனுக்குப் படிக்க வரும்?"

டேரன் காகிதத்தைத் தள்ளி வைத்தான். எழுந்து நின்று தரையிலிருந்து தன் தலைக்கு மேல்வரை கையைக் காட்டினான்.

எனக்கு அங்கே உட்கார வெட்கமாக இருந்தது.

ஜூலை 5, சனி

எல்ராய்க்கு ஏணி ஏற மூச்சு இல்லை, டேரனுக்குக் கால் இல்லை. அதனால் கூரையில் நான். சிவப்புத் தகரம், வெள்ளைப் பெயிண்ட், நீளக் கம்பு வைத்த உருளை. டேரன் கீழே நின்று, "இடது பக்கம் கோணுது. உன் கையெழுத்து கூரைலயுமா இப்படி?" என்று கத்திக்கொண்டிருந்தான். "காது கேட்காது." கூரையில் இந்த இரண்டு வார்த்தை எழுதக் காலை முழுக்க ஆனது. ஒரு எழுத்து பாக்கி இருந்தபோது சத்தம் கேட்டது.

கூரையில் யாரோ ஏறியிருக்கிறார்கள் என்று ரோட்டில் போன யாராவது சொல்லியிருக்கலாம். தெற்கிலிருந்து வந்து என் தலைக்கு மேலே நின்றது.

"ரோண்டா, கம்பைக் கீழ வை" என்றான் டேரன். குரல் மாறியிருந்தது. "மெதுவா. அங்கேர்ந்து பாத்தா அது பெயிண்ட் அடிக்கற கம்பு மாதிரி தெரியாது. வை. கையை விரி."

வைத்தேன். விரித்தேன்.

ஒலிபெருக்கி பேசியது. சின்ன வயதுக் குரல், மரியாதையான குரல். "மேல இருக்கறவங்க அசையாதீங்க. ஏணிகிட்ட நிக்கறவர், மண்டி போடுங்க."

டேரன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். "முட்டி மடங்காது!"

"சார், மண்டி போடுங்க."

"மடங்காதுப்பா! மடங்காது!" என்று அவன் கத்தினான். நானும் கத்தினேன். றெக்கைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தக் குழாய் என்னை விட்டு அவன் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். மூன்றாம் தடவையும் சொன்னது. டேரன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை மட்டும் மடக்கி, மற்றதைப் பக்கவாட்டில் நீட்டி, பொத்தென்று புல்லில் விழுந்தான். விழுந்த பிறகும் கையை விரித்தே வைத்திருந்தான்.

அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது.

நான் இறங்கப் போனேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. முடிச்சுட்டு வா" என்றான். முடித்துவிட்டு வந்து அவனைத் தூக்கி உட்கார வைத்தேன். எல்ராய் வீட்டுக்குள் ரொட்டியும் கறியும் அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

பெயிண்டில் பாதி மிச்சம். வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறோம். நாளைக்கு எங்கள் கூரை. என்ன எழுதுவது என்று நாங்கள் பேசிக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை.