கேட்காமல் வைத்திருந்த கேள்வி

அம்மிணி,

ரசம் பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்த வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. நீ இருந்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய். ஆனால் காரணத்தைக் கேட்டால் நீயே, போனால் போகட்டும் என்று விட்டிருப்பாய். ஜெர்மனியில் படிக்கிற நம் மகளுக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது. அப்பாடா!

ஏதாவதொரு கம்பெனியில் சில மாதம் பயிற்சி வேலை பார்த்தால்தான் அவள் படிப்பு முடியும் என்பது உனக்குத் தெரியும். நீ இருந்தபோதே விண்ணப்பம் போட ஆரம்பித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளோடு நீ போனில் பேசும்போது நான் பின்னாலிருந்து, "கேளு, கெடச்சுதான்னு கேளு" என்று உயிரை எடுப்பேன். நீயோ அங்கே குளிர் எப்படி, தலைக்கு எண்ணெய் வைத்தாயா, பக்கத்து அறைப் பெண்ணுக்கு ஜுரம் விட்டதா என்று ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு வைத்துவிடுவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கெடச்சா அவளே சொல்லுவாளுங்க. கெடைக்காத அன்னைக்கு அவ வாயால அத எதுக்குங்க சொல்ல வெக்கோணும்?" என்பாய். நம் ஊர் ஹனூரை விட்டு மைசூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் உன் பேச்சு மாறவே இல்லை.

நீ போன பிறகு போன் என் கைக்கு வந்தது. எடுத்ததும் முதல் வார்த்தையே, "என்னாச்சு கண்ணு, கெடச்சுதா?" நான் மட்டுமா? இங்கே ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு நான் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளெல்லாம் காலையில், "ஆய்த்தா அண்ணா?" என்று, ஆச்சா எனக் கன்னடத்தில் விசாரிப்பார்கள். அதையெல்லாம் கொண்டுபோய் அவள் தலையில் இறக்கினேன். "இல்லப்பா" என்பாள். அதோடு பேச்சு நின்றுவிடும். ஒரு ஞாயிறு அவள் போனையே எடுக்கவில்லை. அன்றைக்கு நான் பட்ட பாடு! அம்மாவும் இல்லாத பெண்ணை நானே விரட்டிவிட்டேனோ என்று நடுங்கிப்போனேன்.

அப்போதுதான் நீ சொன்னது உறைத்தது. அடுத்த வாரம், "ஏஞ்சாமி, ரசத்துக்குப் பருப்புத் தண்ணி எப்ப ஊத்தோணும்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். அதன்பிறகு வாராவாரம் சமையல் பேச்சுதான். உப்பைக் கூட்டியது, சோற்றைக் குழைத்தது எல்லாவற்றையும் சொல்லுவேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவேன்.

இன்று எனக்கு லீவு. மத்தியானம் சமைத்துக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, கெடச்சிருச்சுப்பா!"

கண்ணெதிரே ரசம் பொங்குகிறது, கை நகரவில்லை.

"கேக்கறதையே விட்டுட்டீங்களே, கவலையே இல்லையாப்பா உங்களுக்கு?" என்றாள்.

"உங்கம்மா கேக்க வேண்டாம்னுட்டா கண்ணு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "சரி, இப்பக் கேளுங்கப்பா" என்றாள்.

"கெடச்சுதா சாமி?"

"கெடச்சிருச்சுப்பா."

வெட்கமில்லாமல் அழுதேன், அம்மிணி. எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருக்கிறது. அதற்குள், அங்கேயே நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்களா என்ற அடுத்த கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது. உட்காரட்டும். அவளாகச் சொல்லும்வரை அதை நானே வைத்துக்கொள்கிறேன்.