சரியாகிவிட்டது என்று உன் அம்மா சொன்னாள்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன், அப்படி வைத்துக்கொள்ளாவிட்டால் பேனா ஓடாது. எனக்கும் அம்மாவுக்கும் நடமாட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்கு ஒரு பெரிய தவறு செய்துவிட்டாய். போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் அம்மாவிடம், அப்பா என்ன கேட்டாலும் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடு, அப்போதுதான் அந்த மனிதர் எழுந்து சாப்பிட வருவார் என்று சொல்லிக்கொடுத்தாய். அவளும் வந்து அப்படியே சொன்னாள். நான் அதை நம்பிப் பசை போட்டு இறுக்கிவிட்டேன். பதினாலு மாத வேலை ஒரே சொல்லில் கெட்டது. நல்ல எண்ணத்தில்தானே சொன்னேன் என்று நீ சொல்வாய். உன் எண்ணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, வரி ஏன் மேலும் கீழும் போகிறது என்று யோசிப்பாய். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பழைய கலர் டிவியை அப்பா சும்மா நோண்டிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு மேல் நீ ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. மூடிப்போன பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறையில் கிடந்த பெட்டி அது, மரக்கூடு, முன்னால் பெரிய கண்ணாடி, தூக்க மூன்று ஆள் வேண்டும். இருபது வருஷமாக உயிரில்லை. கடைத்தெருவில் டிவி ரிப்பேர் செய்கிறவர் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இது மீன் தொட்டி வைக்கத்தான் லாயக்கு என்றார். நான் தண்ணீர் பம்ப் அறையில் முப்பத்தொரு வருஷம் மோட்டாருக்குக் காவல் இருந்தவன், படித்தது எட்டாவது, சர்க்யூட் படம் பார்க்க நூலகத்துப் புத்தகத்தில் நானாகக் கற்றுக்கொண்டவன். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வரும் ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். வீங்கிப்போன கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன், வெடிப்பு விட்ட சால்டர் ஈயப் பற்றை எல்லாம் திரும்ப வைத்தேன், ஒன்பதாவது மாதம் படம் வந்தது. அன்று அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நெடுநேரம் நின்று பார்த்தாள்.

படம் வந்தாலும் வண்ணம் சேரவில்லை. இந்தப் பெட்டிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படம் தனித்தனியாக வருகிறது, மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் நாம் பார்க்கிற ஒரு படம். பின்னால் பிக்சர் டியூபின் கழுத்தில் காந்த வளையங்கள் இருக்கும், அவற்றை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி உட்காரவைக்க வேண்டும், பிறகு அசையாமல் பசை போட்டு இறுக்க வேண்டும். அதற்குத் திரையில் குறுக்கும் நெடுக்கும் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். என் கோடுகள் நடுவில் வளைந்து தெரிந்தன. மூன்று மாதம் அந்த வளைவைத் துரத்தினேன். நல்ல பாகத்தை எல்லாம் கழற்றி வேறு பாகம் போட்டேன், வளைவு போகவில்லை. இதற்கிடையில் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினேன் என்று அம்மா என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டரம்மா ஒரு அட்டையை நீட்டினார், அதிலும் குறுக்கும் நெடுக்கும் கோடு. எங்கே வளைந்திருக்கிறது என்று கேட்டார். நடுவில் என்றேன். அந்த அட்டைக்குள் சர்க்யூட் கிடையாது, மாற்றுவதற்குப் பாகமும் கிடையாது. வளைவு பெட்டியில் இல்லை, என் கண்ணில் இருந்தது.

இப்போது தெரிந்ததா எழுத்து ஏன் பெரிது என்று. இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. எதிரே நிற்பவரின் காது தெரிகிறது, முகம் தெரிவதில்லை. வலது கண் அதே வழியில் போகிறது. வரும் மாதக் கடைசியில் அதற்கு ஊசி போடப் போகிறார்கள், நின்றாலும் நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவைக் கட்டிப்போட்டது நான்தான். வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய், மாப்பிள்ளை முன்னால் என்னைப் பற்றிக் கண் கலங்குவாய், எனக்கு அது பிடிக்காது.

அதனால் வண்ணம் சேர்க்கும் வேலைக்கு அம்மாவைத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். நான் பின்னால் உட்கார்ந்து வளையத்தைத் திருப்புவேன், அவள் அங்கிருந்து சொல்ல வேண்டும், சிவப்பு இடது பக்கம் போகிறது, நீலம் மேலே ஏறிவிட்டது என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். ஒன்று சேர்ந்தால் இன்னொன்று விலகும். நான் சத்தம் போட்டேன் என்கிறாள், போட்டிருக்கலாம். இரண்டு மணிக்கு உன் போன் வந்தது, அடுப்படிக்குப் போய்ப் பேசினாள். திரும்பி வந்த பத்தாவது நிமிஷம் மூன்று வண்ணமும் ஒன்றாகிவிட்டன. அஞ்சு மணி நேரம் ஆகாதது பத்து நிமிஷத்தில் ஆகிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நன்றாகப் பார்த்துச் சொல் என்று இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் சரியாகிவிட்டது என்றாள். சுற்றிலும் பசை போட்டேன், கை கழுவினேன், சாப்பிட்டேன்.

மூன்று வாரம் மாலை தவறாமல் இருவரும் அதில் செய்தி பார்த்தோம். நான் பக்கவாட்டில் நாற்காலி போட்டு ஓரக்கண்ணால் பார்ப்பேன், எனக்கு எல்லாமே கலங்கல்தான், ஆனால் அம்மா பக்கத்தில் இருந்து நன்றாக இருக்கிறது, பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லச் சொல்ல எனக்குப் பளிச்சென்றே தெரிந்தது. பிறகு ஒரு நாள் வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா மோட்டார் ஓடவில்லை என்று சொல்ல வந்தார். வாசலில் நின்றபடியே திரையைப் பார்த்தவர், "என்னங்க இது, செய்தி வாசிக்கிறவருக்கு மூணு மூக்கு இருக்கு" என்றார். நான் அம்மா பக்கம் திரும்பினேன். அவள் முகம் எனக்குத் தெரியாது, நாற்காலி காலியானது மட்டும் தெரிந்தது. அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

அவர் போன பிறகு கேட்டேன். அழவில்லை அவள், என்னைத்தான் கேட்டாள்: "அஞ்சு மணி நேரம் நின்னேன், கால் வீங்கிப்போச்சு. இல்ல இல்லன்னு ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் நீங்க இடிஞ்சு போறதை நான்தான பாத்தேன். பொய்யின்னு இப்ப என்கிட்ட குதிக்கிறீங்களே, கண்ணு போறதை நீங்க மட்டும் அவகிட்ட சொன்னீங்களா?" நீ போனில் சொல்லிக்கொடுத்ததையும் அப்போதுதான் சொன்னாள். சொல்லாமல் இருப்பது வேறு, பொய் வேறு என்றேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதானாம். அன்றிலிருந்து இன்றோடு ஒன்பது நாள், எங்கள் இருவருக்கும் நடுவில் சாப்பாடு, மாத்திரை, கதவு என்ற மூன்று வார்த்தைதான் போய்வருகிறது. நாற்பத்திரண்டு வருஷத்தில் இப்படி இருந்ததில்லை.

ஒரு டிவிக்காக இவ்வளவா, புதிதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லாதே, அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். நான் பயந்துபோயிருக்கிறேன் மகளே. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கண்ணும் போனால் நான் போட்டிருக்கும் சட்டை கசங்கலா, தெருவில் எதிரே யார் வருகிறார், டாக்டரின் முகம் எப்படி இருந்தது, உன் போட்டோவில் நீ இளைத்திருக்கிறாயா, எல்லாமே உன் அம்மா சொல்வதுதான். அவள் வாய்தான் எனக்குப் பார்வை. என் மேல் இரக்கப்பட்டு அவள் எல்லாம் சரி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனால் நான் எங்கே இருக்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. குழந்தைக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொல்வாள், நானும் தலையாட்டுவேன். அவள் சரி என்றால் அது சரிதான் என்று இன்னும் ஒரே ஒரு தரம், என் பார்வை மிச்சம் இருக்கும்போதே, எனக்குத் தெரிய வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க இந்தப் பெட்டியைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

போன வாரம் பசையை நானே எடுத்துவிடலாம் என்று மெல்லிய கத்தியோடு உட்கார்ந்தேன். அந்தக் கழுத்து கட்டைவிரல் பருமனில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய், விரிசல் விட்டால் காற்று உள்ளே போய் டியூப் செத்துவிடும், இந்த அளவில் இன்னொன்று எங்கும் கிடைக்காது. கத்தி பசைமேல் இருப்பதாக நினைத்தேன். டிக் என்று கண்ணாடியில் தட்டியது. உடைந்துவிடவில்லை. கத்தியைக் கீழே வைத்தேன், எடுக்கவே இல்லை. கை நடுங்கியது என்று எழுதினால் பொய், கை நன்றாகத்தான் இருக்கிறது. கண்தான் அதற்குத் தவறான இடத்தைக் காட்டுகிறது.

இருவரும் நோயில்லாமல், ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காமல் நெடுநாள் வாழ வேண்டும், இது என் ஆசீர்வாதம். இனி ஆகவேண்டியதை எழுதுகிறேன். நீ ஊசி போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் வந்து சேர வேண்டும். ஆய்வுக்கூடத்தில் தினமும் கண்ணாடிக் குழாயோடு புழங்குகிறவள் நீ, பசையை இளக்கும் மருந்தும் அதற்குரிய கத்தியும் நீயே கொண்டுவந்து நீயே எடுக்க வேண்டும், நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். மாப்பிள்ளை உனக்கு லீவு கிடைக்க வழி பார்க்கட்டும், அவரால் வர முடியாவிட்டால் எனக்குப் போனில் ஆறுதல் சொல்லாமல் இருக்கட்டும். அம்மா நிற்க வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும், கால் வலித்தால் கால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், சரி என்று சொல்லக் கூடாது. கடைசியில் வீட்டுக்காரம்மா வந்து பார்க்கட்டும், அவருக்கு என்மேல் இரக்கம் கிடையாது. நான் வளையத்தைத் திருப்ப வேண்டும், இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் சத்தம் போடாமல் திருப்ப வேண்டும், இடிந்துபோனதுபோல் உட்காரக் கூடாது. டாக்டர் சொல்வதைச் சொன்ன அன்றே பாதியை வெட்டாமல் உனக்குச் சொல்வதும் என் வேலை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ போன் செய்ய வேண்டும். அம்மாதான் எடுப்பாள். அப்பாவின் கண் எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேள். அவள் பதில் சொல்லட்டும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், குறுக்கே பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா