மாற்குவின் முகம்

ஐப்பசி 14, வெள்ளி.

பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தி தாலிக்கயிற்றில் கோத்திருக்கும் வெனிஸ் பொற்காசைக் காட்டினாள். அதில் புனித மாற்கு, மண்டியிட்ட வெனிஸ் ஆட்சித் தலைவருக்குக் கொடி கொடுப்பார். மாமியார் காலத்திலிருந்து மஞ்சள் பூசித் தேய்த்ததில் மாற்குவுக்கு முகமே இல்லாமல் இருந்தது. இன்று கண், மூக்கு, தாடி எல்லாம் தெரிகின்றன.

"வளையம் அத்துப்போச்சுன்னு காரவள்ளித் தட்டாருகிட்டக் குடுத்தேனுங்க. வெளக்கியே சாமி மொகத்தக் கொண்டாந்துட்டாருங்க, வாத்தியாரய்யா."

தேய்ந்த பொன் துலக்கினால் வளருமா? காசையே மாற்றிவிட்டானோ? அல்லது முன்பு நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ? பூதக்கண்ணாடியில் இருமுறை பார்த்த நினைவு.

"நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப மக கழுத்துக் காசையும் நாளைக்கே வெளக்கக் குடுத்துடறேனுங்க."

காரவள்ளிக்கு முதல் பஸ் காலை ஆறு மணிக்கு. அதற்குள் நான் வாயைத் திறக்க வேண்டும்.